கேசட் தீர்ந்த இடம்

போதுமான அளவுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி பேசுகிறேன். நீ காதில் வாங்குவாயா என்பது எனக்குத் தெரியாது. உன் பொழிச்சலூர் விலாசத்துக்கு நான் எழுதிய கடிதங்களை உறையைக்கூடக் கிழிக்காமல் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தனுப்பினாய். அவள் அவற்றைக் கைப்பையிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அதனால்தான் இதை உங்கள் ரசிகர் வட்டத்தின் சுற்றிதழுக்கு எழுதுகிறேன். அதில் வருகிற ஒரு வரியையும் நீ விட மாட்டாய். அந்தக் கறுப்பினப் பாடகரின் பழைய சோல் இசை ஆல்பம் இத்தனை வருடம் கழித்து சிடியாக மறுபடி வந்திருப்பதைக் கொண்டாடச் சிறப்பிதழ் போடுகிறீர்களாம். யார் வேண்டுமானாலும் எழுதலாமாம். அந்த ஆல்பத்தைப் பற்றி எழுத என்னைவிட உரிமை உள்ளவன் தாம்பரத்தில் யாரும் இல்லை. அதை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதே என் வாழ்க்கையின் லட்சணம்.

சிடி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். மேற்குத் தாம்பரத்தில், டியூஷன் சென்டர் மாடியில், பிளாஸ்டிக் நாற்காலிகளின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு மைக்கைச் சரிசெய்துகொண்டாய். பிறகு பேசினாய்: "எங்க வீட்ல பாட்டுங்கறதே கிடையாது. ரேடியோல நியூஸ் முடிஞ்சா ஆஃப் பண்ணிடுவாங்க. மியூசிக்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சதே எபி அங்கிள் வீட்லதான். அவர்ட்ட இருந்த அந்த ஒரே ஒரு ரெக்கார்டுலேர்ந்துதான் நாம எல்லாரும் வந்தோம்." கைதட்டினார்கள். தொப்பி வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்த எபினேசர், "ஏய், போதும்பா, ரொம்ப ஏத்தாத" என்று கையை ஆட்டினான். மேசைமேல் வெல்வெட் துணி விரித்து அந்தப் பூச்சாடியை வைத்திருந்தீர்கள். வெந்நீரில் மென்மையாக்கி, விளிம்பை அலை அலையாக மடித்த ஒரு இசைத்தட்டு. "இதுதான் ஒரிஜினல்" என்று அட்டையில் எழுதிப் பக்கத்தில் சாத்தியிருந்தது. வந்தவர்கள் வரிசையில் நின்று அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் வரிசையில் நிற்கவில்லை.

அந்த ரெக்கார்டு என்னுடையது. எம்.ஏ. முடித்து வேலையில் சேர்ந்த புதிதில் மூர் மார்க்கெட் பழைய கடை ஒன்றில், ஏதோ கப்பலில் வந்த சாமான்களின் குவியலில் அதைக் கண்டெடுத்தேன். அட்டையில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு மனிதர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. வீட்டில் வந்து ஊசியை வைத்ததும், நம் சபையின் பாடகர் குழுவில் டெனர் குரலில் பாடிக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஆள் எங்கே மூச்சு விடுகிறார் என்பது மட்டும் உடனே புரிந்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் ரெக்கார்டின் நடுவில் இருக்கும் லேபிளில் பேனாவால் தங்கள் பெயரை எழுதி வைப்பார்கள். எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. பாடியவன் பெயர் இருக்கிற இடத்தில் வாங்கியவன் பெயர் எதற்கு? நான் எழுதவில்லை. கல்யாணமாகி வந்த உன் அம்மா முதல் தடவை கேட்டுவிட்டு, "ஏங்க, இந்த ஆளு பாடறாரா அழறாரா?" என்றாள். அடுத்த வருடம் நீ தொட்டிலில் கிடந்தபோது அதே பாட்டை வார்த்தை இல்லாமல் முனகித்தான் உன்னைத் தூங்கவைத்தாள். நீ அதை முதலில் கேட்டது எபி வீட்டில் அல்ல.

எபி எனக்குப் பாடகர் குழுவில் நண்பன். எண்பதுகளின் தொடக்கத்தில் கேம்ப் ரோட்டில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் வைத்தான். பாட்டுகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து கொடுப்பான். இங்கிலீஷ் பாட்டு கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை. "மச்சான், ரெண்டே நாள்டா. உன் ரெக்கார்டு எனக்குக் கொழந்த மாதிரி" என்று வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் எதன்மேல் வேண்டுமானாலும் டீ டம்ளரை வைப்பான் என்பதால் அட்டையை நான் தரவில்லை. உள்ளுறைக் காகிதத்தோடு தட்டை மட்டும் கொடுத்தேன். அவன் செய்த வேலையைப் பார். கேசட்டை மிச்சம் பிடிக்க முழு ஆல்பத்தையும் ஒரே பக்கத்தில் அடைத்தான். மறுபக்கத்தில் கிறிஸ்துமஸ் கீதங்கள். ஆல்பம் அந்தப் பக்கத்தைவிட நீளம். கடைசிப் பாட்டின் நடுவில் நாடா தீர்ந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டான். அந்தக் கேசட்டிலிருந்து பிறந்ததுதான் உங்கள் எல்லோருடைய கேசட்டும். செலையூரிலிருந்து குரோம்பேட்டை வரை உள்ள ஒவ்வொரு ரசிகனும் அந்தப் பாட்டைப் பாதிவரை மட்டுமே அறிந்தவன்.

ரெக்கார்டைத் திருப்பிக் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். "இன்னாடா மச்சான், ஒரு தட்டுக்குப் போய் இப்டி பேஜார் பண்ற? ஓடியா போய்டும்?" என்பான், கடையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல் கேக் தட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். டிவிமேல் அந்தப் பூச்சாடி இருந்தது, நிறையப் பிளாஸ்டிக் ரோஜாக்களோடு. அடியில் லேபிள் தெரிந்தது. அவன் மனைவி கிளாரா நான் பார்ப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, "நல்லாருக்காண்ணா? அவரோட பழைய ரெக்கார்டு. மே மாசம் கடை ஜன்னல்ல வெச்சிட்டாரு, வெயில்ல அப்பளமாட்டம் வளஞ்சு போச்சு. தூக்கிப்போட மனசு வரல. வெந்நீர்ல முக்கி அமுக்குனா இப்டி செய்யலாம்னு ஒரு புக்ல போட்டிருந்தாங்க" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எபி என்னைப் பார்க்காமல், "கேக் எடுத்துக்கோ மச்சான்" என்றான். எடுத்துக்கொண்டேன். கேக் நன்றாகவே இருந்தது. அதன் பிறகு நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. பாடகர் குழுவிலிருந்தும் விலகினேன். எனக்குப் பதில் டெனர் பாட எபி தன் மச்சினனைச் சேர்த்துக்கொண்டான். ரெக்கார்டு பிளேயரைத் துணி போட்டு மூடி, பிறகு ஒரு நாள் பழைய சாமான்காரனுக்குப் போட்டேன். நம் வீட்டில் பாட்டு இல்லாமல் போனது அப்போதுதான். நீ மேடையில் சொன்னது உண்மைதான். அது எங்கிருந்து தொடங்கியது என்பது மட்டும் உனக்குத் தெரியாது.

நீ ஹைஸ்கூல் போன பிறகு எபி வீட்டுக்குப் போகத் தொடங்கினாய். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். காரணம் சொன்னால் ஒரு தட்டுக்காக இத்தனை வருடம் பேசாமல் இருக்கிற ஆள் என்று என்னைப் பார்த்து நீயும் சிரிப்பாய். "போயிட்டு வரட்டுமே, நீங்க பேசாததுக்கு அவன் என்ன பண்ணுவான்?" என்றாள் அம்மா. நீங்கள் பையன்களாக நம் வீட்டு மொட்டை மாடியில் கேசட் போட்டுக் கேட்கும்போது கீழே நான் பேப்பர் படித்துக்கொண்டு இருப்பேன். கடைசிப் பாட்டில் அந்த ஆள் வீட்டை விட்டுப் போகிறவளைப் பார்த்துப் பாடுகிறார். உன் தொப்பியை எடுத்துக்கொள், விளக்கையும் எடுத்துக்கொள், போ, திரும்பிப் பார்க்காதே, கதவைச் சாத்துகிறேன். அங்கே நாடா தீரும். டெக்கின் பட்டன் மேலே எழும்பும் சத்தத்தை நீங்கள் எல்லோரும் கையைத் தூக்கி ஒரே குரலில் சொல்வீர்கள்: "டக்!" அப்புறம் விசில், கைதட்டல். உங்கள் வட்டத்தின் வழக்கமாகவே அது ஆகிவிட்டது. யாராவது கோபித்துக்கொண்டு எழுந்து போனால் "டக்", வேலையை விட்டால் "டக்", காதல் முறிந்தால் "டக்". கீழே பேப்பருக்குப் பின்னால் எனக்கு அந்தப் பாட்டின் மிச்சம் முழுவதும் தலைக்குள் ஓடும். மாடிப்படி ஏறி வந்து, டேய், அது அங்கே முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எபியின் கேசட்டைத் திருத்த நான் எதற்கு ஏற வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பொத்தேரி காலேஜில் உன் மூன்றாம் வருடம் நினைவிருக்கிறதா? காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் ஏறாமல் கேம்ப் ரோடு கடையில் போய் உட்கார்ந்திருந்தாய். காலேஜிலிருந்து கார்டு வந்ததும் கேட்டேன். "நான் ஸ்டூடியோ வேலைக்குப் போறேன்ப்பா. எனக்கு நல்ல காதுன்னு எபி அங்கிள் சொல்றாரு" என்றாய். அந்தக் காது யாரிடமிருந்து வந்தது என்று உனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. நான் சொன்னது வேறு. "காது ஆட்டுக்கும்தான் இருக்கு. போறதுன்னா இப்பவே போ. திரும்பிப் பார்க்காத" என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தைகள் வந்தன என்று எனக்கு அப்போது தெரியவில்லை. உனக்குத் தெரிந்தது. உன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, கையைத் தூக்கி, "டக்" என்றாய். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பிறகு பல வாரங்கள் அவள் வாசற்கதவைத் தாழ்ப்பாள் போடாமல் விட்டுவிட்டுப் படுப்பாள். நான் எழுந்து போய்ப் போட்டுவிட்டு வருவேன். திருட்டு பயம் என்று அவளிடம் சொன்னேன். நம் வீட்டில் திருட என்ன இருந்தது?

இப்போது மறுபடி அந்த டியூஷன் சென்டர் மாடிக்கு வருகிறேன். சிடியைப் போட்டீர்கள். கீறல் சத்தம் இல்லை, நாடா சத்தம் இல்லை. அந்த மனிதர் பத்தடி தூரத்தில் நிற்பது போல இருந்தது. சிடி பெட்டியின் உள்ளங்கை அளவு அட்டையைக் கைமாற்றிக்கொண்டு, "மஞ்சள் கோட்டாம்பா, பாரேன்" என்று அதிசயப்பட்டீர்கள். கடைசிப் பாட்டு வந்தது. எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். போ, திரும்பிப் பார்க்காதே, கதவைச் சாத்துகிறேன். "டக்!" என்றது கூட்டம், பழக்கத்தில். பாட்டு நிற்கவில்லை. கதவைச் சாத்துகிறேன், ஆனால் தாழ்ப்பாள் போட மாட்டேன், என்று அவர் பாடினார். மழை வருகிறது, அதற்காகத்தான் கதவு, உனக்காக அல்ல. பின்குரல் பாடும் பெண்கள் தாழ்ப்பாள் போட மாட்டேன், போட மாட்டேன் என்று ஆலயத்தில் பாடுவதுபோல் திரும்பத் திரும்பச் சொல்ல, அவர் வார்த்தையை விட்டுவிட்டு வெறுமனே முனகிக்கொண்டே போகிறார். உன் அம்மா தொட்டிலருகில் முனகியது அந்த இடத்தைத்தான். அந்த முனகலுக்கு நீ தலையை லேசாகத் திருப்பினாய். எங்கேயோ கேட்டதுபோல் இருந்ததா? இருக்கலாம் என்று ஒரு கணம் நம்பினேன்.

பாட்டு முடிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. "என்னப்பா இது, சப்புனு ஆயிடுச்சு" என்றான் எபி. "கெத்தா முடிஞ்ச பாட்டு சார். இப்ப என்னடான்னா கெஞ்சிக்கினு கீறாரு" என்று ஒரு பையன் சொல்ல, எல்லோருக்கும் மூச்சு வந்ததுபோல் சிரித்தார்கள். கடைசியில் நீ மைக்கை வாங்கினாய். "கம்பெனிக்காரன் என்ன வேணா போடட்டும். நம்ம கேசட்லதான் பாட்டு சரியான எடத்துல முடியுது. அதுதான் நம்ம பாட்டு." அதற்குத்தான் கைதட்டினார்கள், எழுந்து நின்று. இத்தனை வருடம் அந்த மறுபாதி என் ஒருவனிடம் இருந்தது. ஒரு நாள் அது வெளியே வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று எனக்கே தெரியாமல் எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வந்தது. உங்களுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் எதை எதிர்பார்ப்பது?

என் பக்கத்து நாற்காலியில் சுற்றிதழைப் பார்த்துக்கொள்கிற அந்தப் பெண், மெர்லின், உட்கார்ந்திருந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. "அங்கிள், அந்தப் புதுசா வந்த எடத்துல உங்க கால் தாளம் போட்டுச்சே. முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?" என்றாள். "தெரியாதும்மா" என்றேன். "பாத்தா பழைய ஃபேன் மாதிரி இருக்கீங்க. ஏதாச்சும் எழுதிக் குடுங்க அங்கிள். பேர் போட வேணாம்னாலும் பரவால்ல" என்றாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ரெக்கார்டின் பெரிய அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். மஞ்சள் மழைக்கோட்டு கொஞ்சமும் வெளுக்கவில்லை. "இத எடுத்துட்டுப் போய்க் காட்டுங்களேன். ஒரே நிமிஷ வேல" என்றாள். "காட்டி?" "காட்டுனா அவனுக்குத் தெரியும்ல." "தெரிஞ்சு?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க நியாயத்த ஜெயிக்கணும்னு பாக்கறீங்க. எனக்குப் புள்ள வேணும்" என்று சொல்லி அட்டையைத் திரும்ப உள்ளே வைத்துப் பீரோவைச் சாத்தினாள்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். பத்திரிகையில் வழக்கப்படி என் பெயர் இருக்கிறது. கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன். முன்மேசையில் உட்காரச் சொன்னால் உட்காருவேன். வரவேற்பில் எபி உன்னை வாழ்த்திப் பேசப்போகிறான் என்றும், கேக் வெட்டும்போது அந்தப் பாட்டைக் கேசட்டிலிருந்து போட்டு, ஹால் முழுக்க "டக்" சொல்லப்போகிறார்கள் என்றும் அம்மா கேள்விப்பட்டு வந்தாள். எபி பேசட்டும். அவனுக்குப் பேச வரும். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான். அந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்தாதே. உன் பக்கத்தில் வெள்ளைப் புடவையில் நிற்கப்போகிற அந்தப் பெண்ணின் காதில், போ, திரும்பிப் பார்க்காதே, கதவைச் சாத்துகிறேன் என்று முதல் நாளே சொல்லி, ஊரையே கைதட்டவைக்காதே. சிடியைப் போடு. கூட்டத்துக்குச் சப்பென்று இருந்தால் இருக்கட்டும். ஒரு வீட்டுக்குள் இருபது முப்பது வருடம் குடியிருந்தால், கெத்தாக முடிகிற வார்த்தையை எவனும் ஒரு நாள் சொல்லிவிடுவான். அதற்குப் பின்னால் வரவேண்டியதைச் சொல்லத்தான் நாக்கு எழாது. எனக்கு எழவில்லை. இப்போதும் பார், வேறொருவன் பாட்டின் அர்த்தத்தைச் சொல்லித்தான் உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். இதை நீ கேட்பாய் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. "டக்" என்ற சத்தத்துக்கு நடுவில் முன்மேசையில் நான் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

இதை மெர்லின் அச்சிடுவாளா என்று தெரியாது. பூச்சாடி என்ற வார்த்தையைப் படித்ததும் எபிக்கு யாரென்று புரிந்துவிடும். எடுத்துவிடச் சொன்னாலும் சொல்வான். கல்யாணத்துக்கு முன்னால் இதழ் வருமா என்பதும் நிச்சயமில்லை. கீழே என் பெயரைப் போடலாம்தான். போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தில் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்துவார்கள். எபி என்னைக் கட்டிக்கொண்டு அழுவான், நன்றாகவே அழுவான். கூட்டத்தோடு கூட்டமாக நீயும் கைதட்டுவாய். அந்தக் கைதட்டலை என்னால் தாங்க முடியாது. யாருக்கு எழுதியது என்று எவரும் சொல்லாமலே நீயே தெரிந்துகொண்டால் அது போதும். தெரிந்துகொள்ளாவிட்டால், யாரோ ஒரு கிழவன் யாரோ ஒரு மகனுக்கு எழுதியது என்று பக்கத்தைத் திருப்பிவிடு. ரெக்கார்டின் மேலேயே பெயர் எழுதாதவன் நான், இதன் கீழேயும் எழுதவில்லை. நாளைக் காலை ஆபீஸுக்குப் போகும்போது ஸ்டேஷன் வாசல் தபால் பெட்டியில் இதை இப்படியே போட்டுவிடுவேன்.